நெருப்பில்லாத மாஸ்லெனித்சா

மாஸ்லெனித்சா என்று இணையத்தில் தேடினால் வைக்கோல் பொம்மை எரியும் படங்களாக வந்து விழும். உடனே "அட, ரஷ்யாக்காரனோட போகி!" என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், போரிஸ் குஸ்தோதியேவ் 1916இல் வரைந்த 'மாஸ்லெனித்சா' ஓவியத்தை நிதானமாகப் பார்க்கும்வரை.

அதில் நெருப்பே இல்லை. பனி மூடிய ஊர், குதிரைகள் இழுத்துப் பறக்கும் சறுக்கு வண்டிகள், தேவாலயக் கோபுரங்கள், மஞ்சளும் ரோஸுமாக அந்தி வானம், அவ்வளவுதான். ஈஸ்டருக்கு முந்தைய நீண்ட நோன்பு தொடங்குமுன் வரும் கடைசி வாரம் இது. அந்த வாரம் இறைச்சி கிடையாது. வெண்ணெய், பால், முட்டை உண்டு. அதனால்தான் வீட்டுக்கு வீடு பிளினி, அதாவது மெல்லிய தோசை மாதிரி ஒன்று. 'மாஸ்லோ' என்றால் வெண்ணெய். பண்டிகையின் பெயரே அதிலிருந்துதான். பொம்மை எரிவது கடைசியில். குஸ்தோதியேவுக்கு அந்த முடிவு வேண்டியிருக்கவில்லை.

சிவகாசி காலண்டர் படம் மாதிரி இருக்கிறதே என்று ஒதுக்கிவிடலாம். நானும் முதலில் ஒதுக்கினேன். எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், வறுமை இல்லை, அப்போது நடந்துகொண்டிருந்த முதல் உலகப்போரின் சுவடுகூட இல்லை. இது குறைதான், மறுக்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஊரை மேலேயிருந்து பார்க்கிறோம். நாம் கூட்டத்துக்குள் இல்லை. தண்டுவடக் கட்டியால் அதே 1916இல் குஸ்தோதியேவின் கால்கள் செயலிழந்தன. தான் இனி இறங்கி நடக்க முடியாத தெருவைத்தான் அவர் நினைவிலிருந்து வரைந்திருக்கிறார். படத்தில் எல்லாமே ஓடிக்கொண்டிருப்பது ஏன் என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

இந்தப் போகியன்று மயிலாப்பூரில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தாள். விடியற்காலையில் புகை வருகிறதே என்று ஜன்னலைச் சாத்தப் போனேன்.

"சாத்தாதடா. மேளச் சத்தம் கேக்கட்டும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பாய் எரியுது. எவனோ நடுவுல டயரையும் போட்டுட்டான்" என்றாள். பிறகு, தான் சின்ன வயசில் கொட்டு அடித்துக்கொண்டு ஓடிய தெருக்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் சொன்ன தெருவில் டயரும் இல்லை, புகையும் இல்லை.

குஸ்தோதியேவ் விட்டுவிட்டதைக் குறை என்றேன். அந்த வரியை எடுக்கப் போவதில்லை. ஆனால் அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.