இயங்கு சித்திரங்களின் சுவை

தம்புள்ளைக் குகைக் கோயிலிலே புத்தர் வாழ்வு நிகழ்ச்சி நிகழ்ச்சியாகத் தீட்டப்பட்டுள்ளது. ஒரே திருவுருவம் அடுத்தடுத்து வருகின்றது. காண்போர் கண் ஒன்றினின்றும் மற்றொன்றிற்குச் செல்லுங்கால், அசையாச் சுவரிலே கதை அசைகின்றது. கார்ட்டூன் படம் என வழங்கும் இயங்கு சித்திரத்தை நுகர்வதற்கும் இத்தகைய கண்ணே வேண்டும்.

பலரும் மறந்துவிட்ட பழைய சிறு கார்ட்டூன் படங்களைச் சிலர் தேடித் தேடிக் காண்கின்றனர். அவை பழையன, அரியன என்பதே பெரும்பாலும் கூறப்படும் காரணம். அருமை வேறு, அழகு வேறு. பழமை ஒன்றே சிறப்பாயின், தேய்ந்த காசெல்லாம் அணிகலனாதல் வேண்டும். ஆகலின் உண்மைக் காரணத்தை ஆராய்தல் தகும்.

இந்தியத் திரைப்படப் பிரிவு 1957 இல் 'பன்யன் டியர்' என்னும் படத்தை வெளியிட்டது. டிஸ்னி நிலையத்தில் முன்னர்ப் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் அதற்கு வழிகாட்டினார். கதை சாதகக் கதை. கருவுற்ற பிணைமானுக்காக ஆலமர மான் தன் உயிரைக் கொடுக்க முன்வருகின்றது. அது கண்ட அரசன் மனம் மாறுகின்றான். ஒரு நிமிடத்தில் 1440 சட்டங்கள் ஓடுவது திரைப்படம். அசைவே அக்கலையின் பெருமை. ஆயினும் இக்கதையின் உச்சம் மானின் ஓட்டத்தில் இல்லை. வெட்டுமரத்தில் தலை சாய்த்து அசையாதிருத்தலில் உளது. அசைவைக் கற்ற கலைஞனுக்கு அசையாமையே உரைகல்லாயிற்று.

விசயா முளே இயக்கிப் பீம்செயின் சித்திரம் அமைத்த 'ஏக் அனேக் அவுர் ஏக்தா' (1974) பிறிதொரு வகையது. வலையிற்பட்ட பறவைகள் ஒன்றுகூடி வலையோடு எழுந்த பழங்கதையை எளிய உருவங்களாற் கூறுவது. பொருட்குறையால் நேர்ந்த எளிமையைக் கலைத்திறன் எனப் புகழ்தல் தவறு என்பாரும் உளர். அவர் கூற்றிலும் உண்மையுண்டு. சுருங்கிய சித்திரமெல்லாம் நல்ல சித்திரமாகாது. வரையாது விட்ட கோடு காண்போர் உள்ளத்தில் நிறைவுறின் அது கலை. நிறைவுறாதாயின் வெறுங் குறையே. இப்படத்திற் பல பறவைகள் ஒன்றாய் எழும் காட்சி ஒன்றே கருத்து முழுவதையும் தாங்குகின்றது. எளிமை ஈண்டுக் குறையன்று.

தீக்குச்சிகளை அசையச் செய்து தாதாசாகேப் பால்கே 1915 இல் எடுத்த சிறு படம் இன்று கிடைத்திலது. தம்புள்ளைச் சுவரோவியங்களோ இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக நிற்கின்றன. கல்லினும் படச்சுருள் மெலிது. எல்லாவற்றையும் போற்றுவோர் நல்லதனையும் இழப்பர். நல்லன எவை எனத் தெரிந்து காட்டுதலே திறனாய்வின் கடன்.