சி. எஸ். லூயிஸின் துயரக் குறிப்பேடுகள்: ஐயமும் பிம்பமும்

சி. எஸ். லூயிஸ், தம் மனைவி ஜாய் டேவிட்மன் 1960 ஜூலையில் புற்றுநோயால் இறந்தபின் எழுதிய 'எ கிரீஃப் அப்சர்வ்டு', 1961இல் என். டபிள்யூ. கிளார்க் என்னும் புனைபெயரில் வெளிவந்தது. துன்பத்தின் சிக்கல் குறித்து 1940இல் தனிநூலே எழுதியவர் அவர். அவ்வாதங்கள் இப்போது அவருக்கே ஆறுதலாகவில்லை.

இறைமறுப்பின் விளிம்புவரை சென்று மீண்ட கதையாக இந்நூலைக் கொள்வோர் உளர். எனினும் லூயிஸ் பெரிதும் அஞ்சுவது கடவுள் இல்லை என்பதை அன்று. இருக்கும் கடவுள் கொடியவரோ என்பதையே. இவ்வச்சத்தோடு மற்றொன்றும் பின்னிக் கிடக்கிறது. மனைவியின் நினைவு நாளடைவில் தம் விருப்பத்திற்கு இசைந்த பிம்பமாகிவிடும், உயிரோடிருந்த பெண்ணைப் போல் அது தம்மை மறுத்துப் பேசாது எனக் கலங்குகிறார். அதே அளவுகோலைக் கடவுளுக்கும் பொருத்துகையில், குலைந்தது நம்பிக்கையா, தாம் வரைந்துகொண்ட உருவமா என்னும் வினா பிறக்கிறது. நூலின் வலுவான பகுதி இதுவே. இறையியல் இங்குக் காதலிடமிருந்து பாடங்கேட்கிறது.

ஆயினும் டேவிட்மன் 1938இலேயே கவிதைத் தொகுப்பு வெளியிட்டவர். யூதக் குடும்பத்தில் பிறந்து, பொதுவுடைமை இயக்கத்தைக் கடந்து கிறித்தவத்துக்கு வந்தவர். நூலில் அவர் 'எச்' என்னும் ஓரெழுத்தே. பிம்பத்தை இத்துணை அஞ்சும் நூல், அவருடைய சொற்களுக்குச் சிறிதளவே இடந்தருவது முரண். நான்காம் குறிப்பேட்டின் அமைதியையும் ஐயத்தின் தீர்வாகக் கொள்வதற்கில்லை. வீட்டிலிருந்த ஏடுகள் தீர்ந்தால் எழுத்தை நிறுத்துவதென அவர் முன்னரே முடிவு செய்திருந்தார்.