சிரிப்பின் சார்பு: ஆரம்பகால மோட்டார் வண்டி பற்றிய நகைச்சுவைத் தபாலட்டைகள்

சமூக வரலாற்றை ஆராயப் புகுவோர் நூலுருப் பெற்றவற்றையே பெரிதும் சான்றாகக் கொள்வது வழக்கம். சில நாள் வாழ்ந்து மறைவதற்கென அச்சிடப்பட்ட துண்டுப்பிரசுரம், விளம்பரம், தபாலட்டை முதலியன அவர்களது கவனத்தை அரிதாகவே பெறுகின்றன. இவற்றைப் பேணிக் காத்தவர்கள் பெரும்பாலும் தனிப்பட்ட சேகரிப்பாளர்களே. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிரித்தானியாவில் வெளிவந்த மோட்டார் வண்டி பற்றிய நகைச்சுவைத் தபாலட்டைகளை எடுத்துக்கொண்டு, அவை யாரைப் பார்த்துச் சிரித்தன என்பதையும், சேகரிப்பு முறை அச்சான்றினை எவ்வாறு பாதிக்கின்றது என்பதையும் இங்கு நோக்குவோம்.

1869இல் ஒஸ்திரிய-ஹங்கேரியில் தோன்றிய தபாலட்டை மறு ஆண்டே பிரித்தானியாவில் அறிமுகமாயிற்று. 1894இல் தனியார் அச்சிட்ட அட்டைகளும் முத்திரை ஒட்டி அனுப்பப்படலாம் என்ற அனுமதி கிடைத்தது. 1902இல் முகவரிப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிற் செய்தி எழுதலாம் என விதி மாறியதும், மறுபக்கம் முழுவதும் படத்துக்கு உரியதாயிற்று. அரைப் பென்னிக் கட்டணம் 1918 வரை நீடித்தது. தொழிலாளரும் வீட்டுப் பணியாளரும் வாங்கி அனுப்பக்கூடிய ஒரு படக்கலை இவ்வாறு உருவாயிற்று.

மோட்டார் வண்டி வீதிக்கு வந்ததும் இதே காலத்திலேயே. இயந்திர வண்டியின் முன்னே ஒருவர் செங்கொடியுடன் நடக்கவேண்டும் என்று 1865ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. 1896ஆம் ஆண்டுச் சட்டம் இலகுரக வண்டிகளை அத்தகைய தளைகளினின்றும் விடுவித்தது. 1904 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் இலக்கத் தகட்டையும் சாரதி அனுமதிப் பத்திரத்தையும் கட்டாயமாக்கி, வேக எல்லையை மணிக்கு 20 மைலாக உயர்த்தியது. ஆனால் வண்டியின் விலையோ பல நூறு பவுண்கள். அரைப் பென்னிக்கு அட்டை அனுப்பியவனுக்கும் அட்டையிலே காணப்பட்ட வண்டியின் சொந்தக்காரனுக்கும் இடையிலான இத்தூரமே இந்நகைச்சுவையின் அடித்தளம் எனலாம்.

ரொம் பிறவுண் முதலிய ஓவியர்களின் அட்டைகளில் சில காட்சிகள் மீண்டும் மீண்டும் வருகின்றன: பழுதடைந்த வண்டியைக் குதிரை இழுத்துச் செல்லல், கனவான் வண்டியின் கீழே மல்லாந்து கிடத்தல், புதரின் பின்னே மணிக்கூட்டுடன் பொலிஸ்காரர் பதுங்கியிருத்தல், உரோம அங்கியும் பெருங்கண்ணாடியும் அணிந்த பயணிகள் விலங்குகள்போலத் தோன்றுதல். பணபலம் மிக்கவன் பட்டிக்காட்டானின் குதிரைக்குக் கடமைப்படும் நிலையைக் கண்டு எளியோர் மகிழ்ந்தனர். இவ்வகையில் இவ்வட்டைகளில் வர்க்கக் கண்டனத்தின் சாயல் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

எனினும் அக்கண்டனத்தை மிகைப்படுத்துதலும் தவறாகும். சிதறும் கோழிகள், வானிற் பறக்கும் பாதசாரி, புழுதியில் மறையும் கிராமத்தவர் ஆகியோரும் இதே அட்டைகளில் நகைப்புக்குரியோரே. 1896 ஓகஸ்ட் 17ஆந் திகதி இலண்டனின் கிறிஸ்ரல் பலஸ் திடலிற் பிறிட்ஜெட் டிறிஸ்கொல் என்னும் பெண் மோட்டார் வண்டி மோதி இறந்தார். பிரித்தானியாவில் மோட்டார் வண்டியாற் கொல்லப்பட்ட முதற் பாதசாரி இவரெனக் கருதப்படுகின்றார். புழுதித் தொல்லையோ 1905இல் நியமிக்கப்பட்ட அரச ஆணைக்குழு ஆராயுமளவுக்குப் பெருகியிருந்தது. உண்மையான துன்பங்கள் சிரிப்பாக மாற்றப்படும்போது அவை பொறுக்கத்தக்கனவாகவும் மாறிவிடுகின்றன. வண்டிக்காரன் சேற்றில் விழுந்ததைக் கண்டு சிரித்த வாசகன், வீதி தன் கையைவிட்டுப் போவதற்கும் தன்னையறியாமலே பழகிக்கொண்டான்.

சிரிப்பின் இலக்கு உடைமையாளரின் வர்க்கத்தைத் தொடர்ந்து செல்வது என்பதற்கு ஐக்கிய அமெரிக்கா சான்று தருகின்றது. 1906இல் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத் தலைவராயிருந்த வூட்றோ வில்சன், மோட்டார் வண்டி செல்வரின் செருக்கைக் காட்டிச் சமவுடைமை உணர்வைப் பரப்புகின்றது என அஞ்சினார். 1908இல் போர்ட் நிறுவனம் ‘மொடல் ரி’ வண்டியை வெளியிட்டது. 1913இல் நகரும் பொருத்துவரிசை முறை புகுத்தப்பட்டதன் பின்னர் அதன் விலை வேகமாக வீழ்ந்தது. கமக்காரனும் தொழிலாளியும் அதனை வாங்கத் தொடங்கியதும், அட்டைகளின் ஏளனம் அந்த மலிவான ‘தகர’ வண்டியின்மேலும் அதனை ஓட்டியவன்மேலும் திரும்பியது. முன்பு பணச்செருக்கு நகைப்புக்குள்ளாயிற்று. இப்போது வறுமை நகைப்புக்குள்ளாயிற்று. வண்டி பழுதடைதல் என்ற பழைய கருவே இரண்டுக்கும் பயன்பட்டமை கவனிக்கத்தக்கது.

இனி, சேகரிப்பாளர் பணியை மதிப்பிடுவோம். 1940 டிசெம்பர் 29ஆந் திகதிக் குண்டுவீச்சில், புகழ்பெற்ற அட்டை வெளியீட்டாளரான ரபேல் ரக் நிறுவனத்தின் இலண்டன் இல்லம் எரிந்தபோது மூல ஓவியங்களும் பதிவுகளும் அழிந்தன. இவ்வாறு வெளியீட்டாளரிடம் இல்லாதுபோனவற்றைத் தனியாரின் தொகுப்பேடுகளே காத்துத் தந்துள்ளன. முத்திரையிலுள்ள மன்னரின் தலை, பிரிக்கப்பட்ட பின்பக்கம், படத்திலுள்ள இலக்கத் தகடு, ஜேர்மனியில் அச்சிட்டமை பற்றிய குறிப்பு ஆகியவற்றைக்கொண்டு காலத்தைக் கணிக்கும் அவர்களது நுண்ணறிவும் போற்றத்தக்கதே.

ஆயினும் சந்தையின் அளவுகோல் வேறானது. எழுதப்படாத, மூலை மழுங்காத அட்டையை அது பெரிதும் விரும்புகின்றது. அட்டைகள் ‘மோட்டார்’ என்ற தலைப்பின் கீழ் அடுக்கப்பட்டு, தொகுப்பேட்டில் முன்பக்கம் மட்டுமே தெரியுமாறு செருகப்படுகின்றன. டொனால்ட் மக்கிலின் அட்டைகள் பற்றி 1941இல் கட்டுரை எழுதி இக்கலையை ஆய்வுக்குரியதாக்கிய ஜோர்ஜ் ஓர்வெல்கூட, நகைச்சுவைகளைப் பொருள்வாரியாக வகுத்தபோது முன்பக்கத்தையே நோக்கினார். யார் யாருக்கு, எவ்வூரிலிருந்து, எந்நாளில் அனுப்பினார் என்பதைப் பின்பக்கமே கூறும். படத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாது உடல்நலம் மட்டும் விசாரித்திருந்தால், அதுவும் ஒரு சான்றே.

ஆகவே, தொகுப்புக்களைப் பட்டியலிடுவோர் அட்டையின் இரு பக்கங்களையும் பதிவுசெய்தல் வேண்டும். கறைபட்ட, கிழிந்த, எழுதப்பட்ட அட்டைகளுக்கும் உரிய இடமளித்தல் வேண்டும். முன்பக்கம் ஓவியனும் வெளியீட்டாளனும் எதை விற்க எண்ணினர் என்பதைக் காட்டும். அச்சிரிப்பைக் காசு கொடுத்து வாங்கிய மக்கள் அதனை எவ்வாறு பயன்படுத்தினர் என்பதை அறிவதற்கு, அவர்கள் தம் கையால் எழுதிய சில வரிகளையன்றி வேறு சான்றுகள் மிகச் சிலவே.