கோட்டாறு முதல் குமரி வரை: பயண அடையாளச் சின்னங்களின் ஒளிப்படங்களில் வண்ணமும் கறுப்பு வெள்ளையும்

ஆய்வுச் சுருக்கம்

பயண ஒளிப்படங்களில் கறுப்பு வெள்ளை கலைக்கு உரியது, வண்ணம் செய்திக்கு உரியது என்னும் பாகுபாடு பரவலாக உள்ளது. கோட்டாறு சவேரியார் பேராலயம், பத்மநாபபுரம் அரண்மனை, கன்னியாகுமரிக் கடற்கரை ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அப்பாகுபாட்டை மறுக்கிறது. ஒரு சின்னத்தின் அடையாளம் வடிவத்தில் உள்ளதா, நிறத்தில் உள்ளதா, மக்கள் வழக்கில் உள்ளதா என்பதே தேர்வை முடிவு செய்ய வேண்டும் என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: ஒளிப்படம், கறுப்பு வெள்ளை, வண்ணம், கோட்டாறு, நாஞ்சில் நாடு, பயணம்.

முன்னுரை

லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படமெடுத்தபோது அவருக்கு நிறத்தேர்வு இருக்கவில்லை. அக்கால வேதிப்பூச்சு நீல ஒளியையே மிகுதியாக ஏற்றதால் படங்களில் வானம் வெளிறிப்போனது. முன்னதாக எடுத்த பர்மாப் படங்களின் எதிர்மறைப் படிகளில் அவர் மேகங்களைத் தூரிகையால் தீட்டியும் இருக்கிறார். எனவே, பழைய கறுப்பு வெள்ளைப் படம் கண்டதைக் கண்டவாறே காட்டியது எனக் கொள்வதற்கில்லை.

இன்று நிலைமை வேறு. பெரும்பாலான எண்மக் கேமராக்கள் நிறத்தைப் பதிவு செய்கின்றன; படமெடுப்பவர் அதனைப் பின்னர் நீக்குகிறார். அன்று கட்டாயமாக இருந்தது இன்று விருப்பமாகியுள்ளது. விருப்பம் என்பதால் அதற்குக் காரணம் கேட்பது திறனாய்வின் கடமையாகிறது.

1. கோட்டாறு: கடன் வாங்கிய பழமை

தூய சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரைக்கு வந்தது 1544இல். ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் உடல் 1752இல் கோட்டாறு ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. இத்தகைய வரலாறு உடைய இடத்தைக் கறுப்பு வெள்ளையில் காட்டினால் அதன் தொன்மை புலப்படும் என்பது பொதுவான எண்ணம்.

இவ்வெண்ணத்தில் ஒரு காலப்பிழை உள்ளது. ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். 1544க்கோ 1752க்கோ ஒளிப்படம் இல்லை. ஆகவே சாம்பல் நிறம் படத்திற்கு ஏற்றும் பழமை ஆலயத்தின் பழமை அன்று. ஒளிப்படக்கலையின் பழமையே ஆகும்.

இதனால் நேரும் இழப்பும் சிறிதன்று. டிசம்பர் 3ஐ ஒட்டிய திருவிழாவில் தேர்ப்பவனி, மின்விளக்கு, மெழுகுவர்த்திச் சுடர், பல சமயத்தாரும் கூடும் தெரு ஆகியன ஆலயத்தின் இன்றைய வாழ்வு. தேவசகாயம் 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்ட பின் அவ்வாழ்வுக்குப் புதிய பக்கம் ஒன்றும் சேர்ந்துள்ளது. நிறத்தை நீக்கிய படம், வழிபாட்டில் இருக்கும் இடத்தை முடிந்துபோன நினைவுச்சின்னமாக மாற்றிவிடக்கூடும்.

2. பத்மநாபபுரம்: ஒரே வளாகத்தில் இரு விடைகள்

தக்கலைக்கு அருகிலுள்ள இவ்வரண்மனை எதிர்ச்சான்றையும் தருகிறது. பூமுகத்தின் மரக்கூரையில் செதுக்கப்பட்ட மலர்கள், தூண்களின் நுண்வேலைப்பாடு, மெருகேறிய கருந்தரையில் விழும் ஒளி ஆகியவற்றின் சிறப்பு ஒளி நிழல் வேறுபாட்டில் உள்ளது. இங்கே கறுப்பு வெள்ளை எதையும் மறைப்பதில்லை. உளியின் ஆழத்தைக் கூர்மையாகவே காட்டுகிறது.

அதே வளாகத்தின் மந்திரசாலைச் சாளரங்களில் வண்ண மைக்காத் தகடுகள் பதிக்கப்பட்டுள்ளன. அங்கு நிறமே கட்டடக்கலை. உப்பரிகை மாளிகையின் சுவரோவியங்களுக்கும் இது பொருந்தும். நிறம் நீங்கிய மந்திரசாலைப் படத்தில் எஞ்சுவது வெறும் சட்டகம்தான்.

3. குமரி: சாம்பலில் கரையும் வேறுபாடு

வண்ணப்படத்தைச் சாம்பலாக்கும் வழக்கமான கணக்கீடுகளுள் ஒன்று பச்சைக்கு ஏறத்தாழ 59, சிவப்புக்கு 30, நீலத்திற்கு 11 விழுக்காடு மதிப்பளிக்கிறது. இதன்படி ஒளிர்வு ஒத்த இரு வேறு நிறங்கள் ஒரே சாம்பலாகிவிடும். நாஞ்சில் நாட்டு வயலின் பச்சையும் அதன் வரப்பிலுள்ள செம்மண்ணும் படத்தில் ஒன்றாகக் கலந்துபோவதற்கு இதுவே காரணம். கன்னியாகுமரிக் கடற்கரையில் கார்னெட் செம்மணலும் இல்மனைட் கருமணலும் அருகருகே கிடக்கின்றன. சாம்பல் படத்தில் இரண்டும் கருமையை நோக்கி நகர்கின்றன. பயணி காணவந்த வேறுபாடே மறைகிறது.

மாறாக, 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை கல்லின் திரட்சியால் நிற்பது. பக்கவாட்டு வெயிலில் அதன் மடிப்புகளைக் காட்டக் கறுப்பு வெள்ளை போதுமானது.

4. மறுப்பும் விளக்கமும்

இந்திய அழகுணர்வுக்கு வண்ணமே இயல்பு என்று ஒளிப்படக் கலைஞர் ரகுபீர் சிங் (1942–1999) வாதிட்டார். கோட்டாற்றுத் திருவிழாவிற்கு இக்கருத்து முற்றிலும் பொருந்தும். பூமுகத்தின் மரவேலைக்குப் பொருந்தாது. ஒரு நாட்டுக்கு ஒரு நிறக்கொள்கை என்பதைவிட ஒரு சின்னத்திற்கு ஒரு முடிவு என்பதே ஏற்புடையது. மிகையான வண்ணமேற்றலும் உண்மையைத் திரிக்கும் என்ற எதிர்வாதம் சரியே. எனினும் அதற்கான தீர்வு நிறத்தை அளவோடு வைப்பதுதான். முற்றிலும் அகற்றுவது அன்று.

முடிவுரை

செதுக்கல், திரட்சி, ஒளி நிழல் ஆகியவற்றால் அறியப்படும் சின்னத்திற்குக் கறுப்பு வெள்ளை தகும். நிறமே பொருளாக உள்ள இடத்திற்கும், மக்கள் வழக்கால் உயிர்த்திருக்கும் வழிபாட்டிடத்திற்கும் வண்ணமே தகும். எந்நிலையிலும் வண்ண மூலக்கோப்பைப் பாதுகாப்பதும், எடுத்த ஆண்டைப் படத்துடன் குறிப்பதும் இன்றியமையாதவை. அவையின்றேல், 2022இல் எடுத்த கோட்டாற்றுப் படத்தை வருங்கால ஆய்வாளர் நூறாண்டு முந்தையதாகக் கொள்ள இடமுண்டு.