விதைநெல்லும் நிலக்கரியும்

அரசுக்கும் பெருநிறுவனங்களுக்கும் ஆலோசனை கூறும் பொருளியலார் எழுதும் நூல்கள், பெரும்பாலும் அவர்தம் பதவிக்காலத்தோடு பழையனவாகி விடுகின்றன. ஈ. எஃப். சூமாக்கர் 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சிறியதே அழகு’ அவ்வாறு ஆகவில்லை. அத்தலைப்பு பலர் நாவிலும் பழமொழிபோற் பழகிவிட்டது. எனினும், தலைப்பை அறிந்தோர் பலர். முதல் இயலைக் கருத்தூன்றிக் கற்றோர் சிலர். நூலின் உயிர்நிலை அவ்வியலிலேதான் உள்ளது.

சூமாக்கர் 1911இல் ஜெர்மனியின் பான் நகரிற் பிறந்தவர். இங்கிலாந்திற் குடியேறி, 1950 முதல் 1970 வரை அந்நாட்டுத் தேசிய நிலக்கரி வாரியத்தின் பொருளியல் ஆலோசகராய் விளங்கியவர். மத்தியக் கிழக்கிலிருந்து மலிவாய் வந்த எண்ணெயின் முன் நிற்கவியலாமல், பிரிட்டனில் சுரங்கங்கள் ஒவ்வொன்றாய் மூடப்பட்ட காலம் அது. இம்மலிவு நிலையாது என அவர் எச்சரித்தார். கேட்பார் மிகுதியாக இலர். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் வழங்குவதைக் குறைத்தன. சில திங்களுக்குள் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. நூல் வெளிவந்த ஆண்டும் அதுவே. எச்சரிக்கை பலித்ததால் நூலுக்குப் புகழ் வந்தது. ஆனால் ஆரூடம் பலிப்பது வேறு. அறிவு நிலைப்பது வேறு.

நிலைக்கும் பகுதி இது: மண்ணுக்கடியிலுள்ள எரிபொருள் மனிதன் ஈட்டிய வருமானமன்று, இயற்கை தந்த முதல். அம்முதலைச் செலவிட்டுவிட்டு, அதனையே வளர்ச்சியெனக் கணக்கெழுதுகிறோம் என்கிறார் ஆசிரியர். விதைநெல்லைக் குற்றியுண்டு, இவ்வாண்டு சோற்றுக்குக் குறைவில்லை என மகிழும் உழவனை எவரும் அறிவாளி என்னார். அவனாவது அண்டை வீட்டில் விதை கடன் பெறலாம். எரிந்துபோன கரியைக் கடன் தருவார் யார்?

இக்கருத்து சூமாக்கருக்கு முன்னரே தமிழர் ஒருவரால் எழுதப்பட்டது என்பதை ஈண்டு குறித்தல் வேண்டும். 1892இல் தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1945இல் வெளியிட்ட ‘நிலைபேற்றுப் பொருளியல்’ என்னும் ஆங்கில நூலில், தீர்ந்துபோகும் நிலக்கரியையும் எண்ணெயையும் ஒருபுறமும், ஓடும் ஆற்றையும் வளரும் மரத்தையும் மறுபுறமும் நிறுத்தினார். சூமாக்கர் தம் ‘பௌத்தப் பொருளியல்’ கட்டுரையில் குமரப்பாவைப் பெயர் கூறி மேற்கோள் காட்டுகிறார். அம்மேற்கோளோ உழைப்பைப் பற்றியது.

எரிபொருளோடு மேலும் இரண்டினை அவர் முதல் என்கிறார். ஒன்று, இயற்கையின் தாங்கும் ஆற்றல்; மற்றொன்று, மனிதனின் உள்ளியல்பு. இங்கேதான் நூலின் தராசு சாய்கிறது. அணுவுலைக் கழிவுகள் ஆயிரமாயிரம் ஆண்டுகள் அஞ்சத்தக்கனவாய்க் கிடக்கும் என்பதைத் தனி இயலில் கடுமையாக எடுத்துரைக்கும் ஆசிரியர், அதே கடுமையை நிலக்கரியின்பாற் காட்டவில்லை. ஒரே அளவு வெப்பம் தருவதற்கு எண்ணெயையும் எரிவாயுவையும்விட மிகுதியான கரியமில வாயுவை வெளியிடுவது நிலக்கரியே. இது அக்காலத்தார் அறியவியலாத செய்தியுமன்று. காற்றிற் கரியமில வாயு பெருகுவதால் உலகம் வெப்பமுறும் என்று கேலண்டர் 1938இலேயே இங்கிலாந்தில் எழுதினார். ஹவாய்த் தீவின் மலைச்சரிவில் கீலிங் அவ்வாயுவை 1958 முதல் அளந்து வந்தார்.

செஞ்சோற்றுக் கடன் என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது, முறையன்று. நூல் வெளிவந்தபோது அவர் வாரியத்தை விட்டு நீங்கி மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. பண்டம் தீர்ந்துபோகும் என்னும் அச்சமே அவர் கண்முன் பெரிதாய் நின்றது. அது புகையை மறைத்தது. தாமே வகுத்த மூன்று கணக்குகளில் முதலாவதை மட்டும் நிலக்கரிக்கு எழுதி, இரண்டாவதை எழுதாமல் விட்டார். அக்கணக்கும் எழுதப்பட்டிருப்பின், அரசுக்கு ஆலோசனை கூறுவோர் கையில் இந்நூல் இன்னும் கூர்மையான கருவியாய் அமைந்திருக்கும்.

பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப், 2024 செப்டம்பர் 30ஆம் நாள் மூடப்பட்டது. அந்நாட்டு மண்ணுக்கடியில் கரி இன்னும் கிடக்கிறது. கரி தீர்ந்ததால் அந்நிலையம் மூடப்படவில்லை. காற்று அதன் புகையைத் தாங்காது என்பதால் மூடப்பட்டது.