அழையாமல் வந்த அணி

1909ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள். இலண்டன் படிகமாளிகையில் சாரணச் சிறுவர் பல்லாயிரவர் அணிவகுத்து நின்றனர். அங்கே, அழைப்பே பெறாத சிறுமியர் சிலரும் வந்து நின்றனர்! தாங்களும் சாரணரே என்றனர். யார் திரட்டினார் அவர்களை? எவரும் அல்லர். சிறுவருக்கெனப் பேடன் பவல் 1908இல் எழுதிய நூலைப் படித்தனர். தாமே குழு அமைத்துக்கொண்டனர்.

திகைத்த பெரியவர்கள் 1910இல் அவர்களுக்கெனத் தனி அமைப்புக் கண்டனர். பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் தலைமை ஏற்றார். 1912இல் உடன்பிறந்தார் இருவர் பெயரும் தாங்கி வந்த கையேட்டின் தலைப்பைக் கேளுங்கள், தோழர்களே: 'பேரரசைக் கட்டியெழுப்பச் சிறுமியர் எவ்வாறு உதவலாம்.' உதவலாமாம்! கொத்தனார் வேறு எவரோ, இவர்கள் சித்தாள்! ஊரை அடிமை கொண்ட பேரரசுக்கு வீட்டில் அடிமைப்பட்டவள் சுண்ணாம்பு சுமக்க வேண்டுமாம். சிறுவர் அணிக்கு விலங்கின் பெயர். சிறுமியர் அணிக்கோ மலரின் பெயர். மென்மை கெட்டுவிடும் என்ற அச்சம், வேறென்ன?

ஆயினும் அந்நூலை அடியோடு தள்ளிவிட மனம் வரவில்லை. சமையலும் செவிலித்தொண்டும் கற்பிக்கும் அதே ஏடு, 8 அங்குலக் கயிற்றால் திருடனைக் கட்டிப்போடும் முறையையும் கற்பிக்கிறது! திருடனைக் கட்டத் தெரிந்தவளைக் கட்டிப்போடுவது எளிதா? ஆசிரியர்கள் எண்ணிப் பார்த்தார்களோ இல்லையோ, நூலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

பேரரசு மாண்டது. சாரணியர் இயக்கமோ இன்று 150 நாடுகளில் வாழ்கிறது. வாழவைத்தது கையேட்டின் அறவுரை அன்று. சிறு அணி என்னும் அமைப்பே. ஆறேழு சிறுமியர், அவர்களுள் ஒருத்தி தலைவி. அணித்தலைவியர் கூடித் தம் குழுவின் நடப்பைத் தாமே முடிவு செய்வர். தந்தையும் இல்லை, தமையனும் இல்லை, தலையாட்டச் சொல்ல! பன்னிரண்டு வயதில் கூட்டம் நடத்திப் பழகியவள், இருபது வயதில் மேடையேற எவரிடம் இசைவு கேட்பாள்?

உறுதிமொழியும் மாறியது. 2013இல் பிரிட்டன் சாரணியர், உறுப்பினரைக் கலந்தறிந்து, கடவுளை நேசிப்பேன் என்ற சொற்களை நீக்கினர். எனக்கு நான் உண்மையாய் இருப்பேன் என்று அமைத்தனர். நம் நாட்டில்? 1951இல் சாரணியர் வந்திணைந்த பாரத சாரண சாரணியர் இயக்கத்தில், 'கடவுள்' வேண்டாதவர் 'தர்மம்' எனச் சொல்லிக்கொள்ளலாமாம்! எந்தத் தர்மம்? பெண்ணை எக்காலும் பிறர் காவலில் வைத்த மனுவின் தர்மமா? அந்த ஒரு வரியைத் திருத்தும் பணியைச் சிறுமியரின் அணித்தலைவியரிடமே ஒப்படைக்கட்டும்.