மலிவு வட்டுகளும் மலைநாட்டு மின்சாரமும்

படிக்கப்படாமலே புகழப்படும் விஞ்ஞானக் கட்டுரைகள் சில உண்டு. 1988-இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் எழுதிய 'ரெய்ட்' கட்டுரை அத்தகையது. விலையுயர்ந்த ஒரு பெரிய வட்டுக்குப் பதிலாக மலிவான சிறு வட்டுகள் பலவற்றைக் கம்ப்யூட்டரில் அணியாகச் சேர்க்கலாம் என்பது அதன் வாதம்.

கட்டுரையின் நேர்மை போற்றத்தக்கது. தன் யோசனையின் பலவீனத்தைத் தானே கணக்கிட்டுக் காட்டுகிறது. ஒரு வட்டு சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்குமானால், நூறு வட்டுகளில் ஏதேனும் ஒன்று சராசரியாக 300 மணி நேரத்தில், அதாவது இரண்டு வாரத்திற்குள், பழுதாகிவிடும். பரிகாரம், உபரி வட்டு. இரண்டு வட்டுகளில் 1, 0 என்று இருந்தால் மூன்றாவதில் 1 எழுதுகிறோம். மூன்றிலும் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வர வேண்டும் என்பதே விதி. முதல் வட்டு போனாலும், போனது 1 என்று பள்ளி மாணவனே சொல்லிவிடுவான். இதற்குத் தனிக் கருவியும் வேண்டாம். லினக்ஸ் மென்பொருள் சாதாரண வட்டுகளைக் கொண்டே இதைச் செய்துவிடும்.

இனி, குறை. நீலகிரி மாவட்டத்து நெல்லியாளத்தில் ஒரு வீட்டில் இதை அமைப்பதாக வைத்துக்கொள்வோம். 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் வாழும் தேயிலைப் பகுதி அது. கப்பலில் கொண்டுவந்த பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் மழை ஈரத்தில் பூஞ்சை பூத்துவிட, அவற்றின் பிரதிகளை மூன்று வட்டுகளில் பத்திரப்படுத்துகிறார்கள். பெட்டி ஒன்று, மின்வழங்கி ஒன்று, சுவரில் பிளக்கும் ஒன்று. சித்திரை மாத இடிமழையில் மின்னழுத்தம் ஒரு கணம் எகிறினால் மூன்று வட்டுகளும் சேர்ந்தே போகும்.

வட்டுகள் ஒன்றோடொன்று தொடர்பின்றிப் பழுதாகும் என்று கட்டுரை கொள்கிறது. நிலநடுக்கமோ மின்னழுத்த ஏற்றமோ இதைப் பொய்யாக்கலாம் என்பதை அடைப்புக்குறிக்குள் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறது. (நிலநடுக்கப் பிளவின் மேலேயே அமைந்த பெர்க்லியிலிருந்து இப்படி எழுதியது விந்தைதான்!) நெல்லியாளத்துக்காரருக்கு அந்த ஒரு வரிதான் கட்டுரையின் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும்.

பழுதை ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம் என்பது இன்னோர் அனுமானம். இன்றைய 8 டெராபைட் வட்டை, வினாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில், நிரப்பவே 11 மணி நேரம் ஆகும். புது வட்டு வாங்கக் கூடலூருக்கோ கோவைக்கோ பஸ் ஏறும் நேரம் தனி. அதற்குள் இன்னொரு வட்டு போனால் எல்லாம் போயிற்று.

மூவரில் ஒருவரான கிப்சனே 2007-இல் பியாங்கா ஷ்ரோடருடன் சேர்ந்து ஏறத்தாழ ஒரு லட்சம் வட்டுகளின் வரலாற்றை ஆராய்ந்து, பழுதுகள் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை என்று காட்டினார். தன் பழைய அனுமானத்தைத் தானே சோதிப்பவர் அரியர்.

ரெய்ட் முறையால், ஒரு வட்டு பழுதானாலும் வேலை நிற்காது. அந்தப் பயன் மெய்யே. ஆனால் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் உபரி வட்டும் அக்கணமே அதற்கு உடன்பட்டுவிடும். ஆகவே நான்காவது வட்டொன்று வேண்டும். அது பிளக்கிலிருந்து கழற்றப்பட்டு, வேறொரு வீட்டு அலமாரியில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை எடுத்துவந்து புதுப்பித்தால் போதும்.